அப்பா பெயர்: நைனா

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நான் என் அண்ணனுக்குத் தம்பி இல்லை என்று எனக்குத் தெரியவந்தது.

எழுபத்தோரு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன செய்வான்? நான் ஒரு டம்ளர் மோர் கேட்டேன்.

செய்தி கொண்டுவந்தவர் கலைவாணி. திருநின்றவூரில் எங்கள் பகுதி அங்கன்வாடி ஊழியர். வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று வந்துவிட்டால் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, போனில் ஏற்றுகிற வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. எங்கள் அபார்ட்மென்டில் அன்றைக்கு லிஃப்ட் வேறு ஓடவில்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரைச் சும்மா விடுவேனா? வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், எனக்குப் புலம்ப வேண்டும்.

"எனக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்று ஆரம்பித்தேன். வாசலில் நிற்கிற காரில் பறப்பது எந்தக் கட்சிக் கொடி என்று இப்போதெல்லாம் டிரைவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது... கல்யாண பேனரில் தலைவர்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள், மாப்பிள்ளை பெண் ஒரு மூலையில் ஸ்டாம்ப் சைஸில் சிரிக்கிறார்கள். யாருக்குக் கல்யாணம்? ரேஷன் கடையில் என் விரல் ரேகை விழவில்லை என்கிறது மெஷின். முப்பத்தைந்து வருஷம் காக்களூர் எஸ்டேட்டில், பம்ப் பாகம் செய்கிற கம்பெனி ஸ்டோர்ஸில், இரும்பைத் தொட்டுத் தேய்ந்த விரல். அதற்கு நான் என்ன செய்ய? பார்சல் கொடுக்க வருகிறவர் என்னை "ப்ரோ" என்கிறார். நான் அவருக்குத் தாத்தா வயது. கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா?

கலைவாணி என் படிவத்தைப் பார்த்து போனில் தட்டிக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க சார்" போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று 'ஆமாங்க சார்' நின்றுவிட்டது.

"சார்... ஒரு சின்ன பிரச்சன."

"சொல்லும்மா."

"இருவது வருஷத்துக்கு முந்தின பழைய லிஸ்ட்ல உங்க பேரு இல்ல. அதனால உங்க அப்பா பேர வெச்சு லிங்க் பண்ணணும். நீங்க சொன்ன ஊர்ல, சொன்ன வீட்டு நம்பர்ல முனுசாமின்னு ஒருத்தர் இருக்காரு. அவருக்கு ஏழுமலைன்னு ஒரு பையனும் இருக்காரு."

"ஆமா. எங்க அண்ணன்."

"ஆனா உங்க ஆதார்ல அப்பா பேரு நைனான்னு இருக்கு சார். ரேஷன் கார்டுலயும் நைனா. ஓட்டர் ஐடியிலயும் நைனா. போன் ஏத்துக்கல. நீங்க முனுசாமி பையன் இல்லன்னு சொல்லுது."

அப்போதுதான் அந்த மோர்.

விஷயத்தை விளக்கியாக வேண்டும். எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிப் பக்கம். ரோட்டைத் தாண்டினால் ஆந்திரா. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஆறு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா கூட்டிக்கொண்டு போனார். நைனா அன்றைக்கு நாற்று நடவில் இருந்தார். அண்ணனைச் சேர்த்த உள்ளூர் ஹெட்மாஸ்டருக்கு நைனாவைத் தெரியும்; இந்த ஹெட்மாஸ்டர் தெற்கத்திக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். "பையனோட அப்பா பேர் என்ன?" என்று கேட்டார். அம்மா எப்படிச் சொல்வார்? புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் தோளில் இடித்து, "நீயே சொல்றா" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக, சத்தமாகச் சொன்னேன். "நைனா!"

ஹெட்மாஸ்டர் எழுதிவிட்டார். அவர் ஊரில் அது ஆள் பெயர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நைனாவுக்கும் தெரியாது. நான் படிக்கக் கற்றுக்கொண்டபோது ரிஜிஸ்டரில் மை காய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அண்ணன் மு. ஏழுமலை, நான் நை. தேசப்பன். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு இனிஷியல். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதெல்லாம் அச்சகத்தில் கேட்பார்கள், நாங்கள் சிரித்துக்கொண்டே கதையைச் சொல்வோம். அறுபத்தைந்து வருஷமாக அது எங்கள் வீட்டு ஜோக்.

ஜோக்கைப் போனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

பழைய பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். முழுக்க என் தப்பு. அந்தச் சமயத்தில்தான் காக்களூரிலிருந்து திருநின்றவூருக்கு வீடு மாறினேன். அங்கே பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கே சேர்க்கப் படிவம் கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று ஒரு வருஷம் சோம்பலில் விட்டேன். அந்த ஒரு வருஷம் இப்போது வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க சார். நைனாவும் முனுசாமியும் ஒரே ஆளுன்னு ஆதாரம் காட்டணும். இல்லன்னா பேரு நிக்காது" என்றார் கலைவாணி, நிஜமான வருத்தத்தோடு.

என்ன ஆதாரம் காட்டுவது? பெங்களூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். "ஆன்லைன்ல ஆதார்ல மாத்திடலாம்ப்பா, ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் இருந்தாப் போதும்" என்றான். ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டில்தானே தப்பு! அதை மாற்றலாமா என்று விசாரித்தேன். மாற்றலாம், ஆதாரில் சரியான பெயர் இருந்தால் போதும் என்றார்கள். அதைத் திருத்த இது வேண்டும், இதைத் திருத்த அது வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். எல்லா அம்பும் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இருபத்தோரு வயதில் முதல் ஓட்டுப் போட்டவன். நடுவில், பெயர் இல்லாத அந்த வருஷத்தில் வந்த ஒன்றைத் தவிர, ஒரு தேர்தலையும் விட்டதில்லை. நான் பென்ஷனுக்காகவோ அரிசிக்காகவோ பயப்படவில்லை. ஓட்டு இல்லாதவனுக்குப் புலம்ப என்ன உரிமை இருக்கிறது? நான் குற்றம் சொன்னால், "உனக்கென்னய்யா, உன் பேரே லிஸ்ட்டில் இல்லையே" என்று கேட்டுவிட்டால்? மிச்ச காலத்தை வாயை மூடிக்கொண்டு ஓட்டவா? அதைவிடத் தண்டனை எனக்கு என்ன வேண்டும்?

"இன்னாத்துக்கு இப்பிடி உக்காந்து கிறுக்கிக்கினு கீறீங்க?" என்றாள் வசந்தா. என் மனைவி. "உங்க அண்ணன் வந்து இவன் என் தம்பின்னு ஒரு வார்த்த சொன்னா தீந்துது."

அங்கேதான் சிக்கல். அண்ணனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

காரணம், சொத்தா? இல்லை. வரப்பா? இல்லை. வாட்ஸ்அப்! எங்கள் குடும்ப குரூப்பில் போன தேர்தல் சமயத்தில் அண்ணன் ஒரு வீடியோ போட்டார். நான் "பொய்" என்று ஒரே வார்த்தை போட்டேன். அவர் பத்து வீடியோ போட்டார். நான் அவருடைய தலைவரைப் பற்றி நாலு வரி எழுதினேன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதினேன். கடைசியில் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாற்பது பேர் இருக்கிற குரூப்பில், எல்லோர் காதிலும் விழ...

"இனிமே நீ என் தம்பியே இல்லடா. என் ஊட்டு வாசல மிதிக்காத."

நான் குரூப்பை விட்டு வெளியேறினேன். அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எந்தக் கட்சிக்காக அவர் என்னைத் தள்ளிவைத்தாரோ, எந்தக் கட்சிக்காக நான் அவரைத் திட்டினேனோ, அந்த இரண்டும் இப்போது கூட்டணி! எங்கள் தெரு முனையில் இரண்டு தலைவர்களும் ஒரே பேனரில் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். தினமும் பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன். அவர்களுக்கு எப்போது ராசியானது? யார் முதலில் போன் பண்ணினார்கள்? எங்களுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை?

அடுத்த வாரம் விசாரணை நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை காலை ரயில் ஏறினேன். சென்னைக்குப் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். பொன்னேரி வருவதற்குள் மூன்று விதமாகப் பேசிப் பார்த்து, மூன்றையும் தள்ளிவிட்டேன்.

ஸ்டேஷனில் இறங்கினால் எனக்கு ஊர் பிடிபடவில்லை. பஸ் நின்ற இடத்தில் பஸ் இல்லை. டீக்கடையில் கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, இந்தியிலோ ஒடியாவிலோ தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு வழி கேட்க எனக்கு எந்த பாஷையும் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. அதில் ஒருவர் எழுந்து வந்தார். நான் சொன்ன ஊர்ப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, டிரைவரிடம் தமிழிலேயே, "தாத்தாவ கோயில் கிட்ட எறக்கு" என்றார். எரிச்சலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நன்றி சொன்னேன். அதைக்கூட இங்கிலீஷில்தான் சொன்னேன்!

அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். மிதிக்காதே என்று சொன்ன வாசல். கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.

அண்ணி பார்த்துவிட்டார். "ஐயே, தேசப்பா! இன்னா அங்கியே நிக்கிற? உள்ள வா" என்று கத்தினார். பின்னாலேயே அண்ணன் வந்தார். எழுபத்து நாலு வயது. இரண்டு வருஷத்தில் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

விசாரணை நோட்டீஸைக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். வாங்கினார். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"இன்னா போட்டுக்குது இதுல?"

"நான் உன் தம்பி இல்லன்னு போட்டுக்குது."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "எவன்டா சொன்னது?"

"நீதான்ணா ஃபர்ஸ்ட்டு சொன்ன."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் நோட்டீஸை நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கேட்டைத் திறந்துவிட்டார்.

"நாஷ்டா துன்னியா?"

இல்லை என்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாலு இட்லி தின்று முடிக்கிற வரை கட்சியைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ். அண்ணன் விடிவதற்கு முன்பே கிளம்பி, இரண்டு ரயில் மாறி, வெள்ளை வேட்டியோடு எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. தன்னுடைய பள்ளிச் சான்றிதழ், நைனாவின் இறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தார். கலைவாணியும் பதிவேட்டோடு வந்திருந்தார்.

விசாரித்த அதிகாரி சின்ன வயது. முப்பதுகூட இருக்காது. பேச்சைக் கேட்டதும் புரிந்தது, திருநெல்வேலிப் பக்கம். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் தெற்கத்திக்காரர்களுக்கும் ஆறு வயதிலிருந்து ஏதோ பாக்கி இருக்கிறது.

மரியாதையாகத்தான் பேசினார். "உங்க அப்பா பேரு நைனா. இவங்க அப்பா பேரு முனுசாமி. எங்க ஊர்லயே நைனான்னு பேரு உள்ளவங்க நாலு பேரு இருக்காங்க, ஐயா. ரெண்டும் வேற வேற ஆள்தானே?"

"ஒரே ஆள்தான் சார்" என்றேன்.

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஐயா. உங்க அப்பா பேரு என்ன?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"நைனா" என்றார்.

முனுசாமி என்று சொல்லத்தானே ரயில் ஏறி வந்தார்!

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "உங்க சர்ட்டிஃபிகேட்ல முனுசாமின்னுல்லா இருக்கு?"

"ஆமா சார். அது நைனா பேரு."

"நைனா பேரு நைனாதானே?"

"இல்ல சார், நைனா பேரு அது... அதோ போட்டுக்குது பாருங்க."

"அப்போ அத வாயால சொல்லுங்களேன்."

"நைனா பேர எப்பிடி சார் நான் சொல்றது?" என்றார் அண்ணன், பரிதாபமாக.

அதிகாரி குழம்பிப்போய் கலைவாணியைப் பார்த்தார். கலைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், இந்தப் பக்கம் நைனான்னா அப்பா சார். நானே எங்க அப்பாவ நைனான்னுதான் கூப்புடறேன். பெரியவங்களோட பேர வாயால சொல்ல மாட்டாங்க" என்றார்.

அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "ஸ்கூல்ல இவரும் இப்படித்தான் சொன்னாரா?"

"அதே மாரிதான் சார்" என்றார் அண்ணன். "எங்க ஊட்டுப் புள்ளைங்கள யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவோம்."

அதற்குமேல் அதிகாரிக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. ஆனாலும் வாக்குமூலம் என்று ஒன்று வேண்டுமாம். "ஒரே ஒரு தடவ பேர சொல்லிடுங்க ஐயா, எழுதிக்கிறேன்" என்றார்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"முனுசாமி" என்றார். மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி. "இவன் அவரு புள்ள. என் தம்பி. கூடப் பொறந்தவன்."

நைனாவின் பெயரை அண்ணன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன். இரண்டு வருஷம் என்ன புடுங்கினோம் என்று எங்கள் இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். நாங்கள் நடுவில் இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல், அண்ணனுடைய கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நிற்கிறோம். இது யார் போட்ட கணக்கு? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"பேரு இருக்கும் ஐயா. கவலப்படாதீங்க" என்றார் அதிகாரி.

வெளியே வந்து டீ குடித்தோம். அண்ணன் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டே பேசினார். "அவனுங்க ரெண்டு பேரும் சேந்துக்கினானுங்க, பாத்தியா? சீ பேஜாரு! நான் வேற ஆள பாத்து வெச்சிக்கீறேன். இந்த வாட்டி அவனுக்குத்தான்." பெயரையும் சொன்னார். சொல்லிவிட்டு ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். "நீ யாருக்குடா போடப் போற?"

அவர் சொன்ன ஆளைப் பற்றி என்னிடம் நாலு கேள்வி இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. எல்லாம் ஆதாரத்தோடு! அண்ணனுடைய உதட்டோரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இன்னும் முடிவு பண்ணலண்ணா" என்றேன்.

ஓட்டு ஏன் ரகசியமாக இருக்க வேண்டும் என்று எனக்கு எழுபத்தோரு வயதில்தான் புரிந்தது.